மைனஸ் பதினொன்று

வியாழன் காலை பத்தரைக்கு நேர்காணல்.
அபர்தீன் மருத்துவமனையில்
அறுவைக் கருவிகளை ஆவியில் வேகவைக்கும் பிரிவு.
கடிதத்தின் அடியில் ஒரு வரி:
நடைமுறைகளைப் பின்பற்றியதற்கு
உதாரணங்களோடு வரவும்.

ஏதோ கடையில் நிறுத்துக் கட்டித் தருவார்கள் என்பதுபோல.

சமையலறை மேசைக்கு எதிர்ப்பக்கம்
அண்ணன் ஸ்ட்ரூவன், அதிகாரியாக.
சாவு வீட்டுக்குக் கட்டும் டையைக் கட்டியிருக்கிறான்.
"மிஸ் இஷ்பெல் பக்கன், சொல்லுங்கள்."

சொன்னேன்: பீட்டர்ஹெட் மீன் ஆலையில் பதினோரு வருடம்.
முடிவலை, கையுறை, நீல பூட்ஸ்,
கிருமிநாசினித் தொட்டியில் இரு கால்களும்.
ஒருநாளும் ஒற்றைக் காலோடு தாண்டியதில்லை.
"அது பழக்கம்," என்றான். "ஏதாவது நடந்ததா?"

சொன்னேன்: ஜனவரியில் தீ ஒத்திகை.
கோட்டை எடுக்காதே என்றது பலகை, எடுக்கவில்லை.
எல்லோரும் காருக்குள் ஏறிக்கொள்ள
இரண்டாம் எண் கம்பத்தடியில்
ஆலங்கட்டி மழையில் நாற்பது நிமிடம்
நான் மட்டும்.
அவன் சிரித்த சிரிப்பில் டை தேநீரில் விழுந்தது.

அப்புறம் அதைச் சொன்னேன்.

நவம்பர். இரவு இரண்டு பத்து.
உறைபனி அறையின் முள் மைனஸ் பதினொன்றில்.
கதவு ரப்பர் ஒரு மூலையில் பிளந்திருந்தது.
நூலில் கட்டிய பேனா.
தாளில் வரிசையாகப் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு,
இன்னும் வராத நாலு மணிக்கும் பதினெட்டு.
"நீயும் அதையே போடு," என்றார் மேற்பார்வையாளர் கிரெகர் டெய்ட்.
"விடியறதுக்குள்ள இறங்கிடும்."

பதினொன்று என்று எழுதினேன்.
நேரம். கையெழுத்து.
ஏழாம் விதிப்படி நாலு அடுக்குக்கும் சிவப்புச் சீட்டு.
சுவரில் இருந்த எண்ணுக்கு அழைப்பு.

நாலு அடுக்கு ஹேடக் மீன் கோழித்தீவனமானது.
உணவுக்கூடத்தில் என் மேசையில்
உப்புக்குடுவையும் நானும்.
மார்ச்சில் ஆட்குறைப்புப் பட்டியல்,
அகரவரிசைகூட இல்லை,
முதல் பெயர் என்னுடையது.

ஸ்ட்ரூவன் டையைப் பிழிந்தான்.
"விளைவு என்னன்னு கேப்பாங்க.
கடைசிக் கட்டத்துல அதைத்தான் எழுதணும்."
விளைவு?
கிளாஸ்கோவில் ஒரு பிள்ளை
அந்த மீனைத் தின்னாமல்
செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் பள்ளிக்குப் போயிருக்கும்.
அதன் பெயர் எனக்குத் தெரியாது.
அதற்கு என் பெயர் தெரியாது.
இதற்குச் சான்றிதழ் யார் தருவார்?

அவனிடம் சொல்லாதது ஒன்று:
அதற்கு இரண்டு வாரம் முன்பு
முள் பதினைந்தில் நின்றது ஓர் இரவு.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கால் வலி. வீட்டுக்குப் போகும் அவசரம்.
பதினெட்டு என்று நானேதான் எழுதினேன்,
என் அழகான கையெழுத்தில்.
அந்த எட்டின் வளைவுதான்
அடுத்த முறை பேனாவைப் பிடித்துக்கொண்டது.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

வியாழன்.
பாஸ்போர்ட் அசல், நகல் இரண்டு.
'சி' வாசல் வழியாக, பத்து நிமிடம் முன்னதாக,
அதற்கும் முன்னதாக வேண்டாம் என்றிருந்ததால்
காற்றில் கார் நிறுத்துமிடத்தை
மூன்று முறை சுற்றினேன்.

காத்திருக்கும் இடத்தில் நாலு பேர்.
சுவரில் கைச்சுத்திகரிப்பான். அழுத்தினேன், காலி.
எனக்கு முன் வந்தவர்களும் அழுத்தியிருப்பார்கள்;
வெறும் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.
கீழே பொடி எழுத்தில்:
தீர்ந்திருந்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்.

உதாரணங்கள் எழுதிய தாளை மடித்து
அதன் முதுகில் எண்ணைக் குறித்தேன்.
மறுமுனையில் மணி அடிக்கிறது.
கதவு திறந்து ஒரு பெண்
என் பெயரைக் கொஞ்சம் தவறாகக் கூப்பிடுகிறாள்.

ஒரு விரலை உயர்த்துகிறேன்:
ஒரே ஒரு நிமிடம்.
இன்னும் யாரும் எடுக்கவில்லை.